நாலு என்றால் நாலு என்ன?

மங்கையற்கரசிக்குக் கணக்கு வராது என்று யாராவது சொல்லியிருந்தால் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் உள்ள தமிழர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். உயர்தரப் பரீட்சையில் தூய கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்தவள். மண்டபத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால் எத்தனை மேசை போடலாம், எத்தனை கிலோ அரிசி வேண்டும், எத்தனை பேர் இரண்டாம் பந்திக்கும் வந்து குந்துவார்கள் என்று தாளும் பேனையும் இல்லாமல் சொல்லுவாள், சொன்னது சொன்னபடி நடக்கும். அப்படிப்பட்டவள் முப்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் படிக்கப் போய், முதலாம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில், ஒருதரமல்ல, இரண்டுதரம் கோட்டை விட்டாள்.

முதல்தரம் 2006 பெப்ரவரியில். தொண்ணூறு புள்ளிக்கு நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து எடுத்தால்தான் சித்தியடையலாம். அன்றைக்குத் தடிமன், தலையிடி என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிச் சமாளித்துக்கொண்டாள். இரண்டாம்தரம் யூலையில். உலகக் கிண்ணப் போட்டி முடிந்தும் கொடிகள் இன்னும் பல்கனிகளில் தொங்கிக்கொண்டிருந்த நேரம். பீடத்தின் அறிவித்தல் பலகையில் பெயர்கள் இல்லாமல் மாணவர் இலக்கங்களை மட்டும் ஒட்டியிருந்தார்கள். அவள் தன் இலக்கத்தில் விரலை வைத்து நேரே இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்துநாலு. மேல்வரி கீழ்வரி மாறிப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடியும் இழுத்தாள். நாற்பத்துநாலுதான். ஒரு புள்ளி! ஒரேயொரு கண்டறியாத புள்ளி!

ஒரு புள்ளிதானே, அடுத்தமுறை எடுத்தால் போச்சு என்று நீங்கள் நினைக்கலாம். சிக்கலே அங்கேதான். கட்டாய பாடமொன்றை மூன்றுதரம்தான் எழுதலாம் என்பது விதி. மூன்றாம்தரமும் தவறினால் அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, ஜெர்மனியில் வேறெங்கே போய் நின்றாலும் அந்தப் படிப்பைத் தொடர விடமாட்டார்கள். நாலு வருடம் மாலைநேரப் பள்ளிக்கூடத்தில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து பிடித்த இடம் அது. அடுத்த பெப்ரவரியில் ஒரு காலை நேரம், தொண்ணூறு நிமிடம். அதற்குள் அந்த இடம் இருக்கும், அல்லது போய்விடும்.

அவள் சோம்பேறியாக இருந்திருந்தால் நாம் பேசாமல் இருந்துவிடலாம். விடியப்புறம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் சலவைத் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்பாள். பத்து மணிக்கு வேலை முடிந்ததும் தொங்குரயிலில் பெரிய ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து அரை மணித்தியாலம் ரயிலில் போனால் பல்கலைக்கழகம். ரயிலில் மற்றவர்கள் பேப்பர் பார்க்கும் நேரத்தில் அவள் மடியில் கொப்பியை வைத்து வகையிடல் கணக்குப் போடுவாள். படித்த விதமும் அவளுக்குப் பழகிய விதம்தான். பழைய பரீட்சைத் தாள்கள் பத்து வருடத்துக்கு உரியவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றுதரம் செய்தாள். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் ‘ஏ’ எடுத்தாள், இங்கேயும் அப்படித்தானே எடுக்கவேண்டும்? முதல்தரம் தவறியதும் நாலுதரம் செய்தாள். இரண்டாம்தரம் தவறியதும் ஐந்தாம்தரம் செய்யத் தொடங்கினாள்.

இரண்டுதரம் தவறியதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. கணவர் உருத்திரமூர்த்தி மோசமான மனிதர் அல்ல. மோசமான மனிதராக இருந்திருந்தால் சொல்லுவது சுலபம், திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் பெருமைப்படுகிறவர். ‘எங்கட மனிசி யூனிவர்சிற்றி’ என்று கோயிலில், கடையில், காணுகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இப்படி வாய் நிறையச் சொல்லித் திரிகிற மனிதனிடம் எப்படிப் போய் நாற்பத்துநாலு என்று சொல்வது? “சோதினை எப்பிடி?” என்று அவர் கேட்டதற்கு “முடிஞ்சுது” என்றாள். அது பொய்யல்ல.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்று. மத்தியானச் சமையல் மூர்த்தியுடைய முறை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். மகள் ஆரணி, பதின்மூன்று வயது, வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால். மங்கை குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

“மங்கை, சோதினை முடிஞ்சுதெண்டனீ. பேந்தும் என்ன உந்தக் கணக்கு?”

“சும்மா.”

“லீவுக்குள்ளை ஆரும் சும்மா கணக்குச் செய்வினமே? விசரே உனக்கு?”

அவ்வளவுதான். பேனையைக் கீழே வைத்தவள் அழத் தொடங்கினாள். முதலில் மூர்த்தி வெங்காயத்தால்தான் என்று நினைத்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் வந்து இருந்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, மூன்றாம்தரம், அதுவும் தவறினால் மூடப்படப்போகும் கதவு, எல்லாம். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தாள். அவர் கோபித்தார்தான், ஆனால் அவள் நினைத்த விஷயத்துக்கல்ல.

“எங்கை பிழைச்சனீ?”

“தெரியேல்லை.”

“தெரியேல்லையோ? திருத்தின பேப்பரைப் பாக்கேல்லையே?”

“அதுக்கு ஒரு நாள் வைச்சிருந்தவை. நான் போகேல்லை.”

“ரெண்டு தரமுமோ?”

“ரெண்டு தரமும்.”

மூர்த்தி வேலை செய்வது குறடு செய்யும் தொழிற்சாலையில். பதினோரு வருடமாக அவருடைய வேலை ஒன்றுதான்: செய்து வருகிற குறடுகளைப் பிடித்துப் பார்த்து, சரியானதை ஒரு பக்கம், பிழையானதைச் சிவப்புப் பெட்டிக்குள் போடுவது. அவர் எழுந்து போய் அலுமாரி லாச்சிக்குள் கிடந்த பழைய குறடு ஒன்றை எடுத்து வந்து அவளுடைய கொப்பிக்கு மேல் வைத்தார்.

“இஞ்சை பார். எங்கட இடத்திலை ஒரு துண்டு பிழைச்சா, நாங்கள் முதல்லை பாக்கிறது பிழைச்ச துண்டைத்தான். வாய் பொருந்தேல்லையோ, ஆணி இறுகேல்லையோ எண்டு. பாத்துப்போட்டுத்தான் மெஷினைத் தொடுறது. நீ என்னடா எண்டா பிழைச்ச துண்டைச் சிவப்புப் பெட்டிக்குள்ளையே விட்டுட்டு, அதே மெஷினிலை இன்னும் நூறு துண்டு அடிக்கிறாய். நூறும் அதே பிழையோடைதானே வரும்?”

“போய்க் கேக்கிறது சண்டைக்குப் போற மாதிரியெல்லோ. அவை திருத்தினது பிழையெண்டு சொல்லுற மாதிரி.”

“ஆர் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் ஊறிப்போன விஷயம் அது. அவள் பரீட்சை எழுதிய ஊரில் விடைத்தாள் கட்டுக்கட்டாக முத்திரை வைத்துக் கொழும்புக்குப் போகும். திரும்பி வருவது ஓர் எழுத்து மட்டும்தான், ஏ, பி, சி. எழுதின தாளைப் பிறகு யாரும் கண்ணால் கண்டதில்லை. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறவன் திருத்தினவரோடு மோதுகிறவன். வாத்தியாரைக் கேள்வி கேட்கிற பெட்டை என்று பெயர் எடுத்தால் பிறகு அந்தப் பெயர்தான். இங்கே அறிவித்தல் பலகையில் ‘விடைத்தாள்களைப் பார்வையிடலாம், செவ்வாய் இரண்டிலிருந்து நாலு மணிவரை’ என்று ஒட்டியிருந்ததைக் கண்டபோது, சண்டைக்காரர்களுக்கு ஒதுக்கின நேரம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். கௌரவமானவள் போவாளா?

“டெர்மின் எடு, சந்திக்க நேரம் கேள்” என்றார் மூர்த்தி. “நாளைக்கே மெயில் போடு. கௌரவத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

பார்வையிடும் நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் பேராசிரியரின் உதவியாளர், ப்ரோக்மன் என்ற இளம்பெண், வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வரச் சொல்லிப் பதில் போட்டிருந்தாள். மங்கை சேலைக்குப் பதிலாக நல்ல காற்சட்டை போட்டு, சலவை மணம் போகட்டும் என்று இரண்டுதரம் கை கழுவிக்கொண்டு போனாள். “மன்னிக்கவேண்டும், நான் சண்டை பிடிக்க வரவில்லை” என்று ஜெர்மனில் ஒரு வசனத்தை ரயிலிலேயே பாடமாக்கி வைத்திருந்தாள். உள்ளே போனதும் அது மறந்துபோனது.

ப்ரோக்மன் தாளை முன்னால் வைத்துவிட்டுத் தன் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டாள். மங்கை பக்கங்களைப் புரட்டினாள். சிவப்புச் சரிகள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சரிகள். வகையிடல் சரி, எண்களை வரிசையாக அடுக்கும் தாயக் கணக்குச் சரி, லாக்ராஞ்ச் முறைக் கணக்குச் சரி. இரண்டு இடத்தில் மட்டும் கூட்டலில் சறுக்கியிருந்தாள். பிறகு ஏன் நாற்பத்துநாலு? ஒவ்வொரு கணக்கின் அடியிலும் ஒரு வெள்ளை இடைவெளி, இடைவெளியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பூச்சியம். அப்படி ஒன்பது பூச்சியம்.

ப்ரோக்மன் ஒரு பூச்சியத்தின்மேல் விரலை வைத்தாள். தச்சுப் பட்டறையொன்றைப் பற்றிய கணக்கு அது. கிழமைக்கு இவ்வளவு மணித்தியாலம்தான் வேலை நடக்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்குள் லாபம் ஆகக்கூட வருகிற மாதிரி எத்தனை மேசை, எத்தனை கதிரை செய்யவேண்டும் என்று கண்டுபிடிக்கவேண்டும். லாக்ராஞ்ச் முறையில் அந்தக் கட்டுப்பாட்டோடு பெருக்கப்படும் எழுத்து லாம்டா.

“இங்கே லாம்டாவுக்கு நாலு என்று எடுத்திருக்கிறீர்கள். சரியான விடை. நாலு என்றால், நாலு என்ன?”

“நாலு” என்றாள் மங்கை.

“நாலு மேசையா? நாலு மணித்தியாலமா? நாலு யூரோவா? கேள்வியில் விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நீங்கள் ஒன்றுமே எழுதவில்லையே.”

மங்கைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணக்குப் பரீட்சையில் எண் வந்ததும் கணக்கு முடிந்தது. அதற்குக் கீழே கட்டுரை எழுதச் சொன்னால் அது என்ன கணக்கு? இதைச் சொல்ல வாயைத் திறந்தாள், ஆனால் அந்தப் பெண் கிண்டலாகப் பார்க்கவில்லை, உண்மையாகவே காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை.

உண்மை என்னவென்றால், அந்தக் கேள்விகள் அங்கே இருப்பது மங்கைக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடத் தாள்களிலும் இருந்தன. அவள் திட்டமிட்டே விட்டாள். கணிப்புக்கு ஐம்பத்தாறு புள்ளி, விளக்கத்துக்கு முப்பத்துநாலு. நாற்பத்தைந்து போதும், ஐம்பத்தாறுக்குள் எடுத்துவிடலாம் என்று கணக்குப் பார்த்தாள். ஏனென்றால் விளக்கம் என்றால் வசனம். வசனம் என்றால் ஜெர்மன். மாலைநேரப் பள்ளிக்கூடத்தில் அவள் மயிரிழையில் தப்பிய பாடம் அது. பதினாறு வருடமாக இந்த நாட்டில் அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவர்கள் முகத்தைச் சுருக்குவார்கள், கையால் சைகை காட்டுவார்கள், சத்தமாக மெதுவாகக் கதைப்பார்கள். அலுவலகத்துக்குப் போனால் ஆரணியை ஆறு வயதிலேயே பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். எண்ணில் மட்டும்தான் அந்தக் கரைச்சல் இல்லை. அவள் போட்ட சமன்பாட்டைப் பார்த்து ‘இவள் எந்த நாட்டுக்காரி’ என்று யாரும் கேட்க முடியாது. பொருளியலை அவள் தெரிந்தெடுத்ததே அதில் கணிதம் இருக்கிறது என்பதற்காகத்தான். அந்த ஒரு இடத்திலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் வந்து நிற்கிறது வசனம்!

இவ்வளவையும் அவள் சொல்லவில்லை. “எனக்கு எழுதினால் பிழை வரும்” என்று மட்டும் சொன்னாள்.

“இலக்கணத்துக்கு நாங்கள் புள்ளி குறைப்பதில்லை. விளங்கினால் போதும்.” ப்ரோக்மன் தாளை முதலிலிருந்து ஒருதரம் புரட்டினாள். ஒரு புள்ளி எங்கேயாவது தேறுமா என்று பார்க்கிறாள் என்பது மங்கைக்கு விளங்கியது. “ஒரு வசனம் எழுதியிருந்தால், அரைகுறையாக எழுதியிருந்தாலும் ஒரு புள்ளியாவது தந்திருப்போம். வெறும் இடத்துக்கு என்னால் ஒன்றும் தர முடியாது.”

ஒரு வசனம். ரயிலில் வீட்டுக்கு வரும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, தன்மேல் அப்படியொரு எரிச்சல் வந்தது. யாருமே அவளை வெளியே தள்ளவில்லை. அவளே அல்லவா கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருக்கிறாள்?

அன்று பின்னேரம் அவள் மூர்த்திக்கு லாம்டாவை விளக்கத் தொடங்கினாள். அவருக்கு விளங்கினால் ஜெர்மன்காரருக்கும் விளங்கும் என்பது அவள் எண்ணம். அதற்கு அவர் பட்டபாடு வேறு.

“ஒரு கட்டுப்பாடு இருக்கு. கிழமைக்கு நாப்பது மணித்தியாலம்தான் பட்டறை திறக்கலாம். அதுக்குள்ளை ஆகலும் கூட லாபம் எடுக்கவேணும். எடுத்தாச்சு. லாம்டா நாலு.”

“நாலு என்ன?”

“பொறுங்கோவன், சொல்லுறன்! இன்னும் ஒரே ஒரு மணித்தியாலம் கூடத் திறக்க விட்டா, லாபம் எவ்வளவு கூடும் எண்டு அது சொல்லும். கிட்டத்தட்ட நாலு யூரோ.”

மூர்த்தி கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “அப்ப உது விலைதானே. அந்தக் கட்டுப்பாட்டின்ரை விலை.”

பாடப்புத்தகத்தில் அதற்கு நிழல்விலை என்று பெயரே இருக்கிறது. அவள் அதைப் பத்துத் தரம் வாசித்திருக்கிறாள், ஒருதரமும் நின்று பார்த்ததில்லை. குறடு பார்க்கிற மனுசன் நின்று பார்த்துவிட்டது.

“சரி, உனக்கு லாம்டா எவ்வளவு?” என்று அவர் பகிடியாகக் கேட்டார். “உன்ரை கிழமையிலை ஒரு மணித்தியாலம் கூடக் கிடைச்சா?”

பகிடிக்குக் கேட்டதுதான். ஆனால் அவளால் சிரிக்க முடியவில்லை. விடியப்புறம் வேலை, பகலில் படிப்பு, பின்னேரம் வீடு. இந்த மூன்றுக்கும் நடுவில் எதையாவது நகர்த்தலாமா என்று அவள் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம் கூடினால் என்ன செய்வேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை, அது கூடப்போவதில்லை என்பது முடிந்த முடிவு. “நாலை விட எவ்வளவோ கூட வரும்” என்றாள் மெல்ல.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஆரணியை நடன வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே காத்திருந்து, கூட்டிக்கொண்டு வருகிற வேலையை மூர்த்தி எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. “மூண்டு மணித்தியாலம். லாம்டா என்ன வருதெண்டு பெப்ரவரியிலை பாப்பம்” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டினார்.

அந்த மூன்று மணித்தியாலமும் அவள் ஒரு கணக்குக்கூடச் செய்யவில்லை. வசனம் எழுதினாள். பத்து வருடத் தாள்களில் விட்டுவிட்டு வந்த வெள்ளை இடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். முதல் வசனத்துக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வகுப்பு முடிந்து வந்த ஆரணி எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதிலை அஞ்சு பிழை” என்றாள்.

“கருத்து விளங்குதே?”

“ஓம், விளங்குது. ஆனா பிழை.”

“விளங்குதெண்டா அங்காலை போ.”

இப்படித் தன் மகளிடம் சொல்லிவிடுவாள் என்று பதினாறு வருடத்தில் அவள் நினைத்தேயிருக்கவில்லை. மார்கழிக்குள் ஒரு வசனத்துக்கு ஐந்து நிமிடம் என்று வந்தது. சலவை வேலையில் கட்டில் சீலைகள் மடிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வாய்க்குள் ஜெர்மனில் முணுமுணுப்பாள்: இன்னும் ஒரு அலகு கிடைத்தால், கிட்டத்தட்ட இவ்வளவு கூடும்.

2007 பெப்ரவரி. மூன்றாம்தரம். மண்டபத்தில் முந்நூறு பேர். மங்கையின் மேசையில் இரண்டு பேனை, மாணவர் அட்டை, ஒரு தண்ணீர்ப் போத்தல். முதல் இரண்டு கணக்கும் ஓடின. மூன்றாவது லாக்ராஞ்ச். இயந்திர நேரம் முப்பத்தாறு மணித்தியாலம், அதற்குள் ஆகக்கூடிய பெட்டிகள் செய்யவேண்டும். கை பழகின கை, ஐந்து நிமிடத்தில் முடித்தது. எக்ஸ் ஒன்பது, வை ஆறு, லாம்டா சமன் மைனஸ் மூன்று. அடியில் இரட்டைக் கோடு போட்டாள். யூலையிலென்றால் அப்படியே அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள்.

கீழே கேள்வி இருந்தது. லாம்டாவின் பொருளை விளக்குக. எழுதத் தொடங்கினாள்: இயந்திரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடைத்தால், பெட்டிகள் கிட்டத்தட்ட மூன்று...

பேனை நின்றது. மூன்று குறையுமா? நேரம் கூடக் கிடைத்தால் எப்படிக் குறையும்? ஒரு மணித்தியாலம் கூடக் கிடைத்தவள் அதனால் நட்டப்பட்ட கதை எங்கேயாவது உண்டா? அவளுக்குச் சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் கிடைத்ததே, குறைந்தா போனாள்? மேலே போய்ப் பார்த்தாள். முதல் வரியிலேயே பிழை. அடைப்புக்குள் முப்பத்தாறிலிருந்து மற்றதைக் கழிப்பதற்குப் பதிலாக, மற்றதிலிருந்து முப்பத்தாறைக் கழித்திருந்தாள். ஒன்பதும் ஆறும் எப்படியும் சரியாகத்தான் வரும், ஆகவே சரிபார்த்தாலும் பிடிபட்டிருக்காது. லாம்டாவின் குறி மட்டும் தலைகீழாக வந்திருந்தது. வெட்டிவிட்டு மூன்று என்று எழுதினாள். எண் பிழைத்த இடத்தை வசனம் பிடித்துக் கொடுத்திருந்தது.

கடைசிக் கேள்வி: ‘இயந்திர நேரத்தைப் பத்து மணித்தியாலம் கூட்டினால் சரியாக முப்பது பெட்டி கூடும் என்கிறார் முகாமையாளர். உங்கள் கருத்து?’ நேரம் நாலு நிமிடம்தான் இருந்தது. வடிவான வசனத்துக்கு அவகாசமில்லை. வாயில் வந்ததை எழுதினாள்: ‘சரியல்ல. லாம்டா அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான். பத்தாவது மணித்தியாலம் முதலாவது மணித்தியாலம் அல்ல.’

நாலு கிழமை கழித்து அதே அறிவித்தல் பலகை. விரலை வைத்தாள், இழுத்தாள். அறுபத்திரண்டு. அந்த இடத்திலேயே, இளம் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நிற்க, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூர்த்திக்குப் போன் அடித்தாள். வேலைத்தலத்தில் இரும்புச் சத்தத்துக்குள் அவர் “எத்தினை, எத்தினை?” என்று கத்தினார், “அறுபத்திரண்டு” என்று அவளும் கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் மூர்த்தி நினைத்தார். ஆனால் அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்கு, விடைத்தாள் பார்வையிடும் அறைக்கு முன்னால் வரிசையில் மங்கை நின்றாள்.

“நீங்கள் சித்தியடைந்துவிட்டீர்களே” என்றாள் ப்ரோக்மன் ஆச்சரியத்தோடு. “சித்தியடைந்தவர்கள் யாரும் வருவதில்லை.”

“என் வசனங்களைப் பார்க்க வந்தேன்” என்றாள் மங்கை.

பார்த்தாள். பிழைபிழையான ஜெர்மன், பக்கத்தில் சிவப்புச் சரி. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. பத்தாவது மணித்தியாலம் முதலாவது மணித்தியாலம் அல்ல என்ற வசனத்தின் கீழே நெளிகோடு, ஒரு கேள்விக்குறி, இரண்டுக்கு ஒரு புள்ளி.

“இது ஏன் ஒன்று?”

“கட்டுப்பாடு மாறும்போது லாம்டாவும் மாறும் என்று எழுதியிருக்கவேண்டும். நீங்கள் அதைச் சொல்லவில்லை.”

“சொல்லியிருக்கிறேன்” என்றாள் மங்கை.

அவளுக்கு அந்தப் புள்ளி எதற்கும் தேவையில்லை. பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். ஆனால் அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். சலவைத் தொழிற்சாலையைச் சொன்னாள். ஐந்து மணிக்கு வேலை தொடங்கினால் முதல் மணித்தியாலத்தில் எத்தனை சீலை மடிபடும், பத்து மணியாகும்போது எத்தனை என்று சொன்னாள். அங்கே குறையும், இந்தக் கணக்கில் கூடும், எப்படியானாலும் அதே எண் நிற்காது என்று சொன்னாள். “ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு லாம்டா. அதைத்தான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?” சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன, பாதி இடத்தில் இலக்கணம் உதைத்தது, ஒரு சொல் வராமல் கையாலும் காட்டினாள். ப்ரோக்மன் முகத்தைச் சுருக்கவில்லை. வசனத்தை மறுபடியும் வாசித்தாள். பிறகு இன்னொருதரம் வாசித்தாள்.

“சரிதான்” என்றாள். கேள்விக்குறியை வெட்டிவிட்டு இரண்டு என்று எழுதினாள், முன்பக்கத்தில் மொத்தத்தையும் மாற்றிக் கையெழுத்து வைத்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போதே மங்கை போனை எடுத்தாள். மூர்த்தி வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, அறுபத்திமூண்டு.”

“நீ அறுபத்திரண்டு எண்டெல்லோ சொன்னனீ?”

“இப்ப அறுபத்திமூண்டு. ஒண்டு கூட.”

“ஒண்டு என்ன?” என்று அவர் பழக்கத்தில் கேட்டார்.

மங்கை நடுப்படியில் நின்றுவிட்டாள். “கதைச்சு எடுத்தது” என்றாள். “நான், ஜெர்மனிலை.”